அழைக்கலாமா? வேண்டாமா?

நள்ளிரவு மணி இரண்டு. ஊர் உறங்குகிறது. அரசு மருத்துவமனையின் நீண்ட வார்டிலே ஒரே ஒரு செவிலி விழித்திருக்கிறாள். 17-ஆம் கட்டிலில் கிடக்கும் முதியவர், "தூக்கமே வரவில்லை அம்மா, ஒரு மாத்திரை கொடு" என்று கெஞ்சுகிறார். கேஸ் ஷீட்டைப் புரட்டுகிறாள். தூக்க மாத்திரை எழுதப்படவில்லை. டியூட்டி டாக்டரோ பகலெல்லாம் உழைத்து இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார். அழைத்தால், "இதற்கா என்னை எழுப்பினாய்?" என்ற சீற்றம். அழைக்காவிட்டால், விடிந்ததும் "ஏன் சொல்லவில்லை?" என்ற விசாரணை. என்ன செய்வாள் அவள்?

இது ஒரு பெரிய பிரச்சினையா என்று ஏளனம் பேசுவோர் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: முதியவருக்கு உறக்கம் வராத காரணம், இரத்தத்திலே ஆக்சிஜன் குறைந்து வருவதாக இருந்தால்? அந்நிலையில் தூக்க மாத்திரை அவர் மூச்சை மேலும் ஒடுக்கிவிடக்கூடும். நாடியைப் பார்த்து, மூச்சை எண்ணி, ஆக்சிஜனை அளந்து, உடனே அழைக்கும் செவிலி ஓர் உயிரைக் காக்கிறாள். ஏச்சுக்கு அஞ்சி விடியட்டும் என்று காத்திருந்து, விடிவதற்குள் அந்த உயிர் போய்விட்டால், குற்றவாளி அவளா? அவளுக்கு அந்த அச்சத்தை ஊட்டிய அமைப்பா?

மேலே இருப்பவர் ஆணையிட, கீழே இருப்பவர் வாய்பொத்தி நிற்க என்று பிறப்பின் பேரால் கட்டப்பட்ட ஏணியை எதிர்த்து வளர்ந்தது நம் இயக்கம். 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டோம். ஆசிரியப் பணியிலே அவளை அமர்த்தச் சொன்னோம். வேலை கிடைத்தது, வெள்ளைச் சீருடை கிடைத்தது. அவள் சொல்லுக்கு மதிப்புக் கிடைத்ததா?

மருத்துவரைப் பகைவராக்க நாம் இதை எழுதவில்லை. மருந்து எழுதும் அதிகாரம் சட்டப்படி அவருடையது. அவரும் மனிதர், அவர் உறக்கமும் ஆடம்பரமல்ல. இருவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது, விதியில்லாத நிர்வாகம்!

பிரிட்டனிலே என்ன செய்தார்கள்? 2012-ல் அங்குள்ள ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் ஒரு புள்ளிக் கணக்கை வகுத்தது. மூச்சு, ஆக்சிஜன், இரத்த அழுத்தம், நாடி, நினைவு, உடல் வெப்பம் ஆகிய ஒவ்வொன்றும் இயல்பிலிருந்து விலக விலகப் புள்ளி ஏறும். கூட்டுத்தொகை 5 ஆனால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். 7 ஆனால் அவசர சிகிச்சைக் குழுவே வர வேண்டும். புள்ளி குறைவாக இருந்தாலும், மனதிலே ஐயம் எழுந்தால் அழைக்கலாம். அங்கே அழைப்பு, செவிலியின் துணிச்சலைப் பொறுத்ததல்ல, கணக்கின் கட்டளை! அதுமட்டுமா? தனிப் பயிற்சி பெற்ற செவிலியர் பெரும்பாலான மருந்துகளைத் தாமே எழுத 2006-லேயே அங்கு அனுமதி தந்துவிட்டார்கள். வானம் இடிந்து விழுந்துவிடவில்லை!

நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. வலிப்புக் கண்ட கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேட் ஊசியின் முதல் அளவை, 10 கிராம், கிராமச் செவிலியே போட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. குக்கிராமத்திலே நம்பப்படும் செவிலி, நகரத்து வார்டிலே நம்பப்படக்கூடாதா?

எனவே நாம் கேட்பது நான்கு.

ஒன்று: மாலைச் சுற்றின்போதே, காய்ச்சலுக்கும் வலிக்கும் வாந்திக்கும் "தேவைப்பட்டால் தருக" என்று மருத்துவர் எழுதிவைக்கட்டும், அளவு, இடைவெளி, ஒரு நாளின் உச்ச வரம்பு மூன்றையும் குறிக்கட்டும். மாலையில் எழுத மறந்த ஒரு வரிதான், நள்ளிரவில் தொலைபேசியாக அலறுகிறது!

இரண்டு: எதற்கு உடனே அழைப்பது, எது விடியும்வரை பொறுக்கும், சர்க்கரை தாழ்ந்து மயங்குவோருக்கு அழைப்பதற்கு முன்பே எதைத் தரலாம் என்பதையெல்லாம் தமிழிலே அச்சிட்டு, ஒவ்வொரு வார்டிலும் ஒட்டுங்கள்.

மூன்று: தொலைபேசி ஆணையைச் செவிலி எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டட்டும், மருத்துவர் பிறகு கையொப்பமிடட்டும். 'ஃபிஃப்டீன்' என்றது 'ஃபிஃப்டி' என்று காதில் விழுந்தால், இன்சுலினிலே அது உயிர் போகும் பிழை!

நான்கு: அழைத்ததற்காக எவரையும் ஏசக்கூடாது. வீணான அழைப்பால் குலைவது சிறிது நேர உறக்கம். அழைக்காமல் விட்டதால் குலைவது ஒரு குடும்பம்.

கூடவே, ஒரு செவிலி எத்தனை கட்டில்களைக் காப்பது, ஒரு மருத்துவர் எத்தனை மணி நேரம் கண்விழிப்பது என்பதற்கும் வரம்பு வேண்டும். ஆளில்லா இடத்தில் ஆணை மட்டும் என்ன செய்யும்?

17-ஆம் கட்டிலில் இருப்பவர் யார்? நெசவாளியாக இருக்கலாம், வண்டியோட்டியாக இருக்கலாம், நம் தந்தையாகவே இருக்கலாம். தனியார் மருத்துவமனைக்குப் போகப் பணமில்லாமல், அரசை நம்பி வந்து படுத்திருக்கிறார். அவருக்காக விழித்திருப்பவள் அஞ்சாமல் தொலைபேசியை எடுக்கட்டும். அதற்குத் தேவை ஒரு தாளும், அதில் ஒரு கையொப்பமும். கோட்டையிலே இருப்போர் அதை இடட்டும்!