நீங்கள் எந்த ‘டைப்’ என்று நோயாளி கேட்கமாட்டார்

எங்கள் அப்பார்ட்மென்டில் மேல்மாடியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் இங்கே மான்ட்ரியலில் நர்சிங் படிக்கிறாள். கியூபெக்கில் சேஜெப் என்று சொல்லும் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பு, இது கடைசி வருஷம். மருந்துக் கணக்கு மட்டும் வரமாட்டேங்குது, இன்ஜினீயர் தம்பி சொல்லிக்கொடுக்கட்டும் என்று அவளுடைய அம்மா அனுப்பிவைத்தார்.

“1 லிட்டர் சலைன், 8 மணி நேரத்தில் ஏறணும். 1 மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?” என்று கேட்டேன். முழித்தாள்.

“இதுக்கு மூண்டு வீடியோ பாத்தனான் அண்ணா. நான் விஷுவல் லேர்னர். படமாப் பாத்தாத்தான் எனக்கு விளங்கும்” என்றாள்.

நோட்டைத் திறந்தால் அஞ்சு கலரில் ஹைலைட்டர். ஆனால், ஒரு கணக்கைக்கூட அவளாகப் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

முதல் வருஷம் வகுப்பில் கொடுத்த ஒரு கேள்வித்தாள்தான் அவளுக்கு இந்தப் பட்டத்தைக் கொடுத்ததாம். நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் உருவாக்கிய ‘வார்க்’ கேள்வித்தாள் நர்சிங் கல்வியில் ரொம்பப் பிரபலம். பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், வாசித்து எழுதிப் படிப்பவர், செய்து படிப்பவர் என்று அது பிரிக்கும்.

விருப்பம் ஆளுக்கு ஆள் மாறும், உண்மைதான். ஆனால், அந்த விருப்பத்துக்கு ஏற்பச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட 4 உளவியலாளர்கள் 2008-லேயே எழுதிவிட்டார்கள். எது உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கு. 2006-ல் ரோடிகர், கார்பிக்கே இருவரும் நடத்திய சோதனையில், ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

நர்ஸ் வேலையையே எடுத்துக்கோங்க. இதயச் சத்தத்தைக் காதால் கேட்கணும். புண்ணின் நிறத்தைக் கண்ணால் பார்க்கணும். ஊசி போட நரம்பை விரலால் தடவிக் கண்டுபிடிக்கணும். சார்ட்டை வாசிக்கணும், எழுதணும். இதில் எதை ‘என் ஸ்டைல் இல்லை’ என்று விடமுடியும்?

இங்கே நர்சிங் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பயம் இருப்பது புரிகிறது. 2022 செப்டம்பரில் நடந்த கியூபெக் உரிமத் தேர்வில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. தேர்விலேயே குறை இருந்ததாக விசாரித்த ஆணையர் சொன்னார் என்பது வேறு விஷயம். 2024 முதல் ‘என்க்ளெக்ஸ்’ தேர்வு வந்துவிட்டது. பயம் இருக்கும் இடத்தில் ‘உன் டைப்பைக் கண்டுபிடி’ என்ற குறுக்குவழி நன்றாக விலைபோகும். அது சோம்பேறித்தனத்தைவிட ஆபத்து. ஏன்னா, அந்தப் பெண் சோம்பேறி இல்லை, ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்து கலர் அடிக்கிறாள்.

ஆசிரியர்கள் படம், பேச்சு, செய்முறை எல்லாம் கலந்து நடத்தட்டும், அது எல்லோருக்கும் நல்லது. மாணவர்களின் நெற்றியில் முத்திரை குத்துவது மட்டும் வேண்டாம். அந்தக் கேள்வித்தாளுக்கு ஆகும் நேரத்தில் ஐந்து கணக்கு கொடுங்கள்.

அன்றைக்கு வீடியோ இல்லாமல் பத்துக் கணக்கு போட்டோம். முதல் நாலு தப்பு. கடைசியில் அந்தச் சலைன் கணக்கையே திரும்பக் கேட்டேன். 1000 மில்லி, 480 நிமிஷம், பெருக்கல் 20. “நிமிஷத்துக்கு 42 சொட்டு அண்ணா” என்றாள். படம் எதுவும் தேவைப்படவில்லை.