தீப்பெட்டி ஜெயிச்ச நாளில் மை இல்லாத என் விரல்



2024 ஜூன் 4. சிங்கப்பூர்ல இருந்து லீவில் வந்து திருச்சியில் இறங்கினேன். (புது முனையம் அப்போ இன்னும் பயன்பாட்டுக்கு வரலை, பழைய கட்டடம்தான்.) எண்ணிக்கை நாள்னு தெரியும். ஆனா அதுக்காக வரலை. ஏப்ரல்ல கேட்ட லீவு ஜூன்லதான் கிடைச்சது.

டாக்சி டிவிஎஸ் டோல்கேட் பக்கம் வந்ததும் நின்னுடுச்சு. ஜமால் முகமது கல்லூரியில் வாக்கு எண்ணிக்கை. ரோடு முழுக்க நம்ம கொடியும் கூட்டணிக் கட்சிக் கொடிகளும், மேளச் சத்தம், வெடிச் சத்தம். ஒரு தம்பி ஜன்னல் வழியா லட்டை நீட்டி, "நம்ம துரை வைகோ ஜெயிச்சாச்சுண்ணே!" என்றார். கடைசி வித்தியாசம் 3,13,094 வாக்குகள்.

பம்பரம் இல்லைன்னு ஆன பிறகு, கிடைச்ச தீப்பெட்டியைத் தூக்கிட்டு நம்ம ஆளுங்க கிளம்பினாங்க. வாக்குப்பதிவுக்கு மூணு வாரம்கூட இல்லை. ஸ்ரீரங்கத்தில் இருந்து கந்தர்வக்கோட்டை, புதுக்கோட்டை வரைக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதி. அத்தனை ஊருக்கும் ஒரு புதுச் சின்னத்தைக் கொண்டு சேர்ப்பது என்ன வேலைன்னு, நடந்த கால்களுக்குத்தான் தெரியும். நான் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு பண்ணேன். அவ்வளவுதான் என் பங்கு.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நீங்க யாருக்கு சார் போட்டீங்க?"ன்னு கேட்டார். லட்டு வாயில் இருந்ததால பதில் சொல்லாம தப்பிச்சேன்.

ஸ்ரீரங்கம் வீட்டில் அம்மா விரலைக் காட்டினாங்க. ஒன்றரை மாசம் ஆகியும் நக நுனியில் மை மிச்சம் இருந்தது. "சூரியனைத் தேடித் தேடிப் பாத்தேன்டா, அப்புறம்தான் தீப்பெட்டி ஞாபகம் வந்துச்சு."

வெளிநாட்டில் இருக்கிற இந்தியக் குடிமகனுக்கு 2011 முதல் ஓட்டுரிமை இருக்கு. படிவம் 6ஏ நிரப்பி, பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிப்படி பட்டியலில் பேர் சேர்க்கலாம். ஆனா போடணும்னா பாஸ்போர்ட்டோடு சொந்த ஊர் வாக்குச்சாவடிக்கே நேரில் வரணும். 2024-ல் அப்படிப் பதிவு செஞ்சவங்க நாடு முழுக்க சுமார் 1 லட்சத்து 19 ஆயிரம் பேர். வந்து போட்டவங்க 3 ஆயிரத்துக்கும் குறைவு, அதிலும் பெரும்பாலும் கேரளக்காரங்க. கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறவர் ஒரு ஓட்டுக்காக ஒரு மாசச் சம்பளத்தை டிக்கெட்டில் போடுவாரா?

2018-ல் பதிலி வாக்கு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமலே காலாவதியாச்சு. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. என் ஓட்டை இன்னொருத்தர் கையில் கொடுத்தா அது என் ஓட்டா? 2020-ல் தேர்தல் ஆணையம், ராணுவத்தினருக்கு உள்ள மின்னணு தபால் வாக்கு முறையை நமக்கும் நீட்டிக்கலாம்னு சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. அதுவும் நடைமுறைக்கு வரலை. முதலாளி மிரட்டி ஓட்டு வாங்குவான்னு ஒரு பயம் சொல்றாங்க. தொழிலாளர் விடுதிகளை நினைச்சா அது நியாயமான பயம்தான். அதுக்கு வழி தூதரகத்திலேயே வாக்குப்பெட்டி வைப்பது. 2024 பிப்ரவரியில் சிங்கப்பூர்ல இருக்கிற இந்தோனேசியர்கள் தங்கள் தூதரகத்தில் போய்தான் வாக்களிச்சாங்க. பிலிப்பைன்ஸ்காரங்க 2004-லேயே ஆரம்பிச்சுட்டாங்க. நம்மால முடியாதா?

நம்ம எம்.பி.க்கு ஒரு வேண்டுகோள். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்னு தினமும் விமானம் போற ஊரின் பிரதிநிதி நீங்க. இதை மக்களவையில் எழுப்ப உங்களைவிடப் பொருத்தமானவர் யாருங்க?

அயலகத் தோழர்களே, 6ஏ படிவத்தை ஆன்லைனிலேயே நிரப்பலாம். பதிவு எண்ணிக்கை குறைவா இருக்கிற வரைக்கும் டெல்லியில் யாரும் நம்மைக் கணக்கில் எடுக்கப் போறதில்லை. நான் நிரப்பிட்டேன். அடுத்த தேர்தலுக்கு இப்பவே லீவும் சொல்லி வெச்சிருக்கேன், மேனேஜர் சிரிக்கிறார்.