கடல் கடந்த அத்தை

மலைநாட்டில் பிறந்து வளர்ந்த நமக்குக் கடல் என்பது தூரத்துப் பொருள். கதவைத் திறந்தால் பனிமூட்டம்; பனி விலகினால் தேயிலைச் சரிவு. ஆயினும், நம் வீடுகளில் எந்தப் பழங்கதையை எடுத்தாலும் அதன் நடுவே ஒரு கடல் வந்து நிற்கும். பாட்டனார் அதைக் கடந்து வந்தார். சித்தப்பா அதைக் கடந்து போனார். அவ்வாறு போனவர்களுள் ஒருவர் என் அத்தை.

சென்ற ஆண்டு என் தந்தையார் காலமானார். இராமேசுவரத்தில் அவருக்குத் தர்ப்பணம் செய்ய வேண்டும் என்பது என் தாயாரின் விருப்பம். திருச்சிராப்பள்ளியிலிருக்கும் அத்தை மகனுக்கு எழுதினேன். "எங்கள் வீட்டிலேயே தங்க வேண்டும், மச்சான்; காரில் நானே அழைத்துப் போகிறேன்" என்று உடனே பதில் வந்தது. ஓகஸ்ட் விடுமுறையில் புறப்பட்டேன். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்கு இறங்கி வர அரை நாள் ஆயிற்று. அங்கிருந்து திருச்சிக்குப் பறந்து செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆயிற்று. இத்தனை அருகிலிருந்த ஊருக்கு என் தந்தையார் ஐம்பது ஆண்டுகளாக ஏன் வரவில்லை என்ற கேள்வி என்னுடன் விமானத்தில் வந்தது.

கேள்விக்குக் காரணம் உண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர்கள் நாடற்றவர்களானதும், 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டதும் நேயர்கள் அறிந்தவை. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரையும் 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஏட்டில் எழுதிய இந்தக் கணக்கு எங்கள் லயத்தில் ஓர் அண்ணனையும் தங்கையையும் பிரித்தது. தந்தையார் இந்நாட்டுக்கு மனுச் செய்தார். அத்தையை மணந்த வீட்டாரோ இந்தியாவுக்கு மனுச் செய்திருந்தார்கள். 1972 இல், இருபது வயதில், அத்தை ஹட்டன் நிலையத்தில் கோச்சி ஏறினார். ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் ஒருசேரக் கதறியதால் அதற்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். "ஒரு வருஷத்துக்குள் வந்து பார்க்கிறேன்" என்று தந்தையார் சொன்னாராம். அவர் போகவேயில்லை. "கூடப் பிறந்தவளை மறந்த மனிதர்" என்று என் தாயார் எத்தனையோ முறை கடிந்திருக்கிறார். நானும் மனத்துக்குள் அவ்வாறே நினைத்திருந்தேன்.

அத்தைக்கு இப்பொழுது எழுபத்து மூன்று வயது. நான் கொண்டுபோன தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு, வெறுந் தேநீர் தயாரித்து, உள்ளங்கையில் சிறிது சீனி வைத்து நக்கிக்கொண்டே பருகினார். பாலில்லாத தேநீரைப் பேத்தி வேடிக்கை பார்த்தாள். அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் 'சிலோன்காரம்மா'. எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே வந்தன. இங்கே நம்மை 'இந்தியாக்காரர்' என்கிறார்கள். அங்கே போனவரை ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் 'சிலோன்காரர்' என்கிறார்கள்!

மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டோம். மச்சான் காரை ஓட்டினார். அவர் மனைவி புளியோதரையும் துவையலும் கட்டியெடுத்து வந்தார். அத்தை முன் ஆசனத்தில் அமர்ந்தார். புதுக்கோட்டை, திருமயம் கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை என்று பாதை தெற்கே இறங்கிச் சென்றது. போகப் போகப் பசுமை குறைந்தது. இராமநாதபுரச் சீமையில் கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக் கருவேல முட்செடிகள், இடையிடையே பனைகள், வறண்ட கண்மாய்கள். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் கங்காணிமார் ஆள் திரட்டிய மண் இதுபோன்றதுதான். 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சத்தில் இந்த மண்ணில் மழைக்காகக் காத்திருந்தவன், மழை ஓயாத மலை ஒன்று கடலுக்கப்பால் இருக்கிறது என்று கேட்டால் புறப்படாமல் என்ன செய்வான்?

மண்டபம் வந்ததும் அத்தை காரை மெதுவாக விடச் சொன்னார். மண்டபம் முகாம் நம் சரித்திரத்தின் வாயிற்படி. வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வரும் தொழிலாளரை நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைத்த இடம் அது. ஒப்பந்தத்திற்குப் பின் திரும்பிய குடும்பங்களை ஏற்றதும் அதுவே. 1983 க்குப் பின் போருக்கு அஞ்சித் தோணியேறியவர்களுக்கு அகதி முகாமானதும் அதுவே. "குடும்ப அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கேதான் வரிசையில் நின்றோம்" என்றார் அத்தை. அதற்குமேல் பேசவில்லை.

பாம்பன் பாலத்தின்மேல் கார் ஏறியதும் குழந்தை கைகொட்டினாள். 1988 இல் திறந்த சாலைப் பாலத்திலிருந்து பார்த்தபோது, 1914 முதல் புகையிரதத்தைத் தாங்கிய பழைய பாலமும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே தெரிந்தன. முன்பெல்லாம் கப்பல் வந்தால் பழையது இரு கைகளையும் விரித்து வழிவிட்டது. புதியதோ நடுப்பகுதியை அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும்.

அக்கினி தீர்த்தத்தில் நீராடித் தர்ப்பணம் செய்தேன். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் ஆடி, நெடிய பிராகாரங்களைச் சுற்றி வந்து சுவாமி தரிசனமும் செய்தோம். மாலையில் அத்தையே, "தனுஷ்கோடிக்குப் போவோம்" என்றார்.

1914 முதல் அரை நூற்றாண்டுக் காலம் தனுஷ்கோடி ஒரு துறைமுகப் பட்டினம். சென்னையிலிருந்து வரும் 'போட் மெயில்' புகையிரதம் அங்கே நிற்கும். கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு அடுத்த புகையிரதம் காத்திருக்கும். 1964 டிசெம்பர் 22 ஆம் திகதி இரவு வீசிய புயல் பட்டினத்தை அழித்தது. நிலையத்தை நெருங்கிக் கொண்டிருந்த பாம்பன் பயணிகள் வண்டியையும் கடல் கொண்டுபோயிற்று. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் நிறையுமுன் அந்த வாசல் இல்லாமற் போனது! பின்னர்க் கப்பல் இராமேசுவரத்திற்கே வந்தது. அத்தை வந்திறங்கியதும் அங்கேதான். உள்நாட்டுப் போர் மூண்டபின் அதுவும் நின்றது. இன்று தனுஷ்கோடியில் கூரையிழந்த தேவாலயமும் சில சுவர்களும் மணலில் நிற்கின்றன. பாதை முடியும் அரிச்சல்முனையில் இரு கடல்களும் சந்திக்கின்றன. தலைமன்னார் அங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் தூரந்தான்.

அத்தை கற்சுவரில் அமர்ந்து நெடுநேரம் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். இதுதான் தருணம் என்று எண்ணி, "அத்தை, அப்பா வராமல் இருந்ததற்கு அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "உன் அப்பா உன்னிடம் சொல்லவில்லையா, தம்பி? அவர் வருகிறேன் என்றுதான் எழுதினார். நான்தான் வர வேண்டாம் என்று எழுதினேன்."

நான் வாயடைத்து நின்றேன்.

"கடன் வாங்கி வைத்த கடை நொடித்துப்போன நேரம். ஒரு வேளைச் சோறுதான். நல்ல இடத்தில் வாழ்கிறாள் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் வந்து அந்தக் குடிசையைப் பார்த்தால் தாங்கமாட்டார். கொஞ்சம் நிமிர்ந்த பிறகு வா என்று எழுதலாம் என்றிருந்தேன். நிமிர்ந்த பிறகு, இத்தனை நாள் கழித்து எப்படி எழுதுவது என்று கூச்சமாகிவிட்டது. அவரே வருவார் என்று நான் இருந்தேன். நான் கூப்பிடுவேன் என்று அவர் இருந்தாரோ என்னவோ!" என்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மச்சானுக்கும் அது புதுச் செய்தி. அவர் தாயாரின் அருகே மணலில் அமர்ந்துவிட்டார்.

ஹட்டனுக்குத் திரும்பிய அன்றிரவே தந்தையாரின் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அடியில் நீலநிற விமானக் கடிதம் ஒன்று, மடிப்புகள் கிழியும் நிலையில் இருந்தது. 1973 ஆம் ஆண்டுத் தபால் முத்திரை. அதற்குள் கடவுச்சீட்டுக்காக எடுத்த மூன்று சிறு படங்கள். இருபத்தைந்து வயதுத் தந்தையார் புதுச் சட்டையுடன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையின் வறுமையை வெளியிடக்கூடாது என்று, மனைவியின் ஏச்சையும் மகனின் ஏளனத்தையும் ஐம்பது ஆண்டுகள் வாய்திறவாமல் ஏற்ற மனிதர் அவர். அம்மாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் படங்களை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

அரசாங்கங்கள் செய்த பிரிவினைக்கு அரசாங்கங்களைக் குறை கூறலாம், கூறவும் வேண்டும். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. கப்பலும் 2023 முதல் நாகபட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆனால் கூச்சத்தால் எழுதாமல் விட்ட ஒரு கடிதத்தை எந்தச் சட்டம் எழுதித் தரும்? நேயர்களே, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டிகளிலும் இத்தகைய கடிதங்கள் இருக்கக்கூடும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். "வா" என்று எழுத வேண்டியவர்கள் இன்றே எழுதிவிடுங்கள்.

அத்தைக்கு நான் எழுதிவிட்டேன். வருகிற சித்திரையில் வருகிறாராம்.