ஈரோடா, திருப்பூரா?

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் கோவைக் குடும்பங்களில் எழும் கேள்வி இது. ரயிலில் 50 கி.மீ. போனால் திருப்பூர், மேலும் 50 கி.மீ.யில் ஈரோடு. இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். மூட்டை தூக்குகிறவருக்குத்தான் கஷ்டம் தெரியும்.

பிள்ளைகளுக்கு பனியன், டி-ஷர்ட் என்றால் திருப்பூர் காதர்பேட்டை. ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு மலிவுதான். ஆனால் அளவுச் சீட்டை நம்பாதீர்கள். ஐரோப்பியருக்கான ‘மீடியம்’ நம்மவருக்குத் தொளதொள. ஓட்டை, சாயக்கறை உண்டா என்று வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஊர் திரும்பியபின் யார் மாற்றித் தரப்போகிறார்கள்?

வேட்டி, லுங்கி, துண்டு, போர்வை என்று வீடு முழுவதற்கும் வாங்க வேண்டுமா? போனஸ் ஈரோட்டில்தான் தாக்குப்பிடிக்கும். கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் இரவே கூடிவிடும். வெளியூர் வியாபாரிகள் மொத்தமாக அள்ளிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் செவ்வாய் காலை போனால் போதும்.