மௌனம் மறுப்பாகும்!

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு எண்களே முதற் பகை. சரித்திரத்தில் ஆண்டுகள், பூகோளத்தில் தூரங்கள். ஆயினும், ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுக் காப்புறுதி விற்க விரும்பும் ஒருவர் மனனஞ் செய்யவேண்டிய எண்களைக் கண்டால், நம் மாணவர்கள் தம் பாடு எவ்வளவோ மேல் என்று ஆறுதல் கொள்வர்.

அந்நாட்டுப் பல மாநிலச் சட்டங்கள் காப்புறுதி முகவரைப் "புரொடியூசர்", அதாவது விளைவிப்பவர், என்றே அழைக்கின்றன. அவர் விளைவிப்பது நெல்லுமன்று, சோளமுமன்று, கம்பெனிக்கு வியாபாரத்தை! வேடிக்கையான பெயர்தான். அவருக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது மத்திய அரசாங்கமன்று. காப்புறுதியைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநிலங்களிடமே விட்டுவைக்கும் சட்டமொன்றை அமெரிக்கக் காங்கிரஸ் 1945இல் நிறைவேற்றியது. ஆகவே பாடத்திட்டத்தில் எங்கும் பொதுவான பகுதியோடு, அந்தந்த மாநிலத்துக்கே உரிய சட்டப் பகுதியும் உண்டு.

பொதுப் பகுதியை எளிதிற் கடந்தவர் சட்டப் பகுதியில் இடறி விழக்கூடும். ஓரிடத்திற் குற்றமாவது மற்றோரிடத்திற் குற்றமன்று. தமக்குரிய கமிஷனில் ஒரு பங்கை வாடிக்கையாளருக்குக் கொடுத்து அவரைத் தம்பக்கம் இழுப்பதைப் பல மாநிலங்கள் தடுத்துள்ளன. கலிபோர்னியாவிலோ, 1988இல் வாக்காளர் நிறைவேற்றிய 103ஆம் பிரேரணை அத்தடையை நீக்கிவிட்டது.

"சட்டநூல் காரியாலயத்தில் இருக்குமே, வேண்டியபோது புரட்டிப் பார்க்கலாமே, ஏன் நெட்டுருப் போடவேண்டும்?" என்று பரீட்சார்த்தி சலித்துக்கொள்வது நியாயமே. ஆனால் கலிபோர்னியாவின் எண்கள் இரண்டை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது எண் 30. 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ நகரைப் பூகம்பம் உலுக்கியது. அதனைத் தொடர்ந்து மூண்ட தீ சில தினங்கள் எரிந்து, பூகம்பத்திலும் பெருநாசம் விளைத்தது. மக்களிடம் இருந்தவை தீக் காப்புறுதிப் பத்திரங்கள். தீயினால் வந்த நஷ்டத்துக்குப் பணம் உண்டு. பூமி அதிர்ந்து வந்த நஷ்டத்துக்கு இல்லை. வீடு முதலில் இடிந்ததா, முதலில் எரிந்ததா? சாம்பலைக் கையில் அள்ளிக்கொண்டு இதற்கு விடை சொல்வது எங்ஙனம்? இடிந்து விழுந்த கட்டிடத்துக்குத் தீக் காப்புறுதி செல்லாது என்னும் வாசகத்தைக் காட்டிப் பணத்தைக் குறைத்த கம்பெனிகளும் இருந்தன.

இன்றும் அங்கே சாதாரண வீட்டுக் காப்புறுதியிற் பூகம்பம் அடங்காது. ஆனால் வீட்டுக் காப்புறுதி விற்கும் கம்பெனி, பூகம்பக் காப்புறுதி வேண்டுமா என எழுத்தில் வினவியே ஆகவேண்டும். 1980களில் வந்த சட்டம் இது. அக்கடிதம் அனுப்பப்பட்டு 30 நாட்களுக்குள் வீட்டுக்காரர் ஏற்காவிடின், வேண்டாமென மறுத்ததாகவே கொள்ளப்படும். மௌனம் சம்மதம் என்பது நம் வழக்கு. இச்சட்டத்தில் மௌனம் மறுப்பு! பிறகு பார்க்கலாமென்று மேசை லாச்சிக்குள் வைத்த கடிதம், 31ஆம் நாள் வெறுங் காகிதம். அதை முன்னரே வாய்விட்டுச் சொல்லவேண்டியவர் முகவர்தாம்.

மற்றைய எண் 75. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விரும்பாத கம்பெனி, தவணை முடிவதற்கு 75 நாட்களுக்கு முன்னரேனும் வீட்டுக்காரருக்கு அறிவிக்கவேண்டும். 2020இன் நடுப்பகுதி வரை இது 45 நாளாக இருந்தது. பழைய வழிகாட்டி நூலை மலிவு விலைக்கு வாங்கிப் படித்தவர் 45 என்றே எழுதிவிட்டு வருவார். மதிப்பெண் போனாற் போகட்டும்; வேறு கம்பெனி தேடி அலையும் ஒரு குடும்பத்துக்கு அந்த 30 நாள் வித்தியாசம் சிறிதன்று. காட்டுத்தீ அடிக்கடி மூளும் பிரதேசங்களில் ஒரு கம்பெனி கைவிட்ட வீட்டை இன்னொன்று இலகுவில் ஏற்பதில்லை. 1968இல் ஏற்படுத்தப்பட்ட "பெயர் பிளான்" எனும் இறுதிப் புகலிடம் உண்டு; அதில் தீக்குப் பாதுகாப்பு உண்டே தவிரத் திருட்டுக்கு இல்லை.

2018இல் இன்னொரு சட்டம் வந்தது. ஆளுநர் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்த காட்டுத்தீயின் எல்லைக்குள்ளும் அதனை அடுத்தும் உள்ள அஞ்சற் பிரிவுகளில், காட்டுத்தீ அபாயத்தைக் காரணங்காட்டி வீட்டுக் காப்புறுதியை ஓராண்டுக்கு ரத்துச் செய்யவோ புதுப்பிக்க மறுக்கவோ கூடாது. 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தபோது, எரியாது தப்பிய அயல் வீடுகளுக்கு இச்சட்டமே காவலாயிற்று. அந்த ஓராண்டு நெருப்பு அணைந்த நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. பிரகடனம் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுவது. பரீட்சார்த்திகள் இதனைக் குறித்துக்கொள்வது நன்று.