கானாவூர்க் கலியாண வீடும் எங்கள் வீட்டுப் போத்தலும்



கடந்த மாதம் ஒரு மாதர் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம், ஒரு சகோதரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவருடைய கணவர் கூலி வேலைக்குப் போகிறவர். சம்பளம் கிடைக்கும் நாளில் தவறணையைத் தாண்டி அந்தக் காசு வீட்டுக்கு வருவதில்லை. "குடிக்காதையுங்கோ எண்டு சொன்னால், யேசுவே கலியாண வீட்டில தண்ணியை வைனாக்கிக் குடுத்தவர், நீ ஆர் எனக்குச் சொல்ல எண்டு கேக்கிறார். வேதத்திலையும் அப்பிடித்தானே கிடக்குது அக்கா? நான் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

இதே வாதத்தை வேறு வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். வேதாகமத்தைத் திறந்தே பாராத மனிதருக்கும் இந்த ஒரு பகுதி மட்டும் மனப்பாடம்.

சைவச் சகோதரிகளுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யோவான் நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் இது வருகிறது. கலிலேயா நாட்டில் கானா என்ற ஊரில் ஒரு கலியாணம். அங்கே இயேசுவின் தாய் மரியாளும் இருந்தார், இயேசுவும் சீடர்களும் அழைக்கப்பட்டிருந்தார்கள். நடுவில் திராட்சை இரசம் தீர்ந்துபோனது. அந்தக் காலத்துக் கலியாணம் ஒரு நாள் விருந்தல்ல. சிம்சோனின் கலியாணம் ஏழு நாள் நடந்ததாக நீதித்தலைவர்கள் நூல் சொல்கிறது. ஊரே கூடியிருக்க, பந்தியில் குறை வந்தால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு வெட்கம் என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடன்பட்டுக் கலியாணம் செய்து வைத்தவர்கள் நாங்கள்.

அந்தக் குறையைப் பற்றி முதலில் வாய் திறந்தவர் மரியாள். மாப்பிள்ளையோ பந்தி மேற்பார்வையாளரோ அதைப் பேசியதாக நற்செய்தியில் இல்லை. மகன் உடனே சம்மதித்ததாகவும் இல்லை. தமது நேரம் இன்னும் வரவில்லை என்ற விதமாகத்தான் பதில் வந்தது. அந்தத் தாய் மனம் தளராமல் பணியாளரிடம் போய், அவர் சொல்வதைச் செய்யச் சொன்னார். அங்கே தீட்டுக் கழுவும் சடங்குக்கான ஆறு கற்சாடிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 முதல் 120 லீற்றர் வரை கொள்ளும். யூதரின் வழக்கப்படி மண்பாத்திரம் தீட்டுப்பட்டால் உடைத்துவிட வேண்டும், கல்லுக்குத் தீட்டில்லை. நாசரேத்துக்கும் இன்றைய கஃப்ர் கன்னாவுக்கும் இடையில் உள்ள ரெய்னா என்ற இடத்தில், அப்படிப்பட்ட கற்பாத்திரங்கள் செய்த பழைய பட்டறை ஒன்றை 2017இல் அகழ்ந்து கண்டுபிடித்தார்கள்.

அந்தச் சாடிகளில் நிரப்பிய தண்ணீர்தான் இரசமானது. "அது வெறும் பழச்சாறு" என்று சொல்லித் தப்பிக்கும் போதகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்லதை முதலில் கொடுத்து, ஆட்கள் குடித்த பிறகு மட்டமானதைக் கொடுப்பதுதான் வழக்கம் என்று மேற்பார்வையாளரே சொல்கிறார். அது இரசம்தான். ஆனால் எப்படிப்பட்ட இரசம்? அக்காலத்தில் இரசத்தோடு தண்ணீர் கலந்து குடிப்பது சாதாரணம். கத்தோலிக்க வேதாகமத்தில் மக்கபேயர் இரண்டாம் நூலின் கடைசியில் இதைக் காணலாம். தானாகப் புளிக்கும் பழரசத்தில் மதுசாரம் 15 வீதத்தைத் தாண்டுவது அரிது. எங்கள் சாராயத்திலோ 33 வீதத்துக்கு மேல். காய்ச்சி வடிக்கும் மதுவை இயேசுவின் காலத்தவர் அறியார். ஐரோப்பாவில் அது 12ஆம் நூற்றாண்டளவில் வந்த சங்கதி. கசிப்பில் என்ன கிடக்கிறது என்று காய்ச்சுகிறவனுக்கே தெரியாது. ஆகையால் கானாவூர்ச் சாடியையும் கசிப்புக் கானையும் ஒரு தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

திருச்சபைகள் இந்த விடயத்தில் ஒரே குரலில் பேசுவதில்லை. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சைப் பழத்திலிருந்து வந்த கலப்படமற்ற இரசமே வேண்டும். குருவானவர் அதில் சிறிது தண்ணீர் சேர்ப்பார். மெதடிஸ்த சபையைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி, 1743இல் எழுதிய விதிகளில் வடித்த மதுவை விற்பதையும் வாங்குவதையும் குடிப்பதையும் தவிர்க்கச் சொன்னார். அமெரிக்காவில் தோமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்தப் பல் வைத்தியர் 1869இல் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் வைக்கும் வழியைக் கண்டார்; அதன் பிறகு பல ஆலயங்களில் நற்கருணைக்கு அந்தச் சாறு பாவனைக்கு வந்தது. இரட்சணிய சேனையினரும் ஏழாம் நாள் சபையினரும் மதுவைத் தொடுவதில்லை. பவுல், வயிற்று நோவுக்காகக் கொஞ்சம் இரசம் எடுக்கும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார். அதே பவுல் எபேசியருக்கு எழுதியபோது வெறிகொள்வதைக் கண்டித்தார். ஒரு துளியும் ஆகாது என்பவர்களும் அளவோடு ஆகலாம் என்பவர்களும் உண்டு. வெறித்து வந்து வீட்டை உலைப்பது சரி என்று சொல்லும் சபை எதையும் நான் அறியேன்.

அந்தச் சகோதரிக்கு நான் கானாவூரோடு இன்னொரு கதையும் சொன்னேன். சாமுவேல் முதலாம் நூல் 25ஆம் அதிகாரம். நாபால் என்ற செல்வந்தன் முரட்டுக் குணமுள்ளவன். அவன் பேசிய பேச்சினால் தாவீது 400 பேரோடு வாளெடுத்து வருகிறார். மனைவி அபிகாயில் 200 அப்பங்களும் இரண்டு தோற்பை இரசமும் இன்னும் பலவும் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு போய்த் தாவீதைச் சமாதானப்படுத்தி, வீட்டாரின் உயிரைக் காப்பாற்றுகிறாள். கணவனிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. திரும்பி வந்தால், அவன் விருந்து வைத்து வெறித்துக் கிடக்கிறான். அன்றிரவு அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. விடிந்து, வெறி இறங்கிய பிறகுதான் நடந்ததைச் சொன்னாள்.

வெறியில் இருப்பவரோடு இரவில் நியாயம் பேசப் போய் அடிவாங்கியவர்கள் இதை வாசித்தால் அபிகாயிலின் புத்தியை மெச்சுவார்கள். ஆனால் அவள் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்தவளும் அல்ல. ஆபத்து வந்தபோது வீட்டை விட்டு வெளியே போய் உதவி தேடினாள். எங்களுக்கும் அந்த வழி உண்டு. அடிப்பவருக்கு எதிராக, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் பேசலாம். "குடும்ப மானம் போகும்" என்று சொல்லுவார்கள். கானாவூரில் மரியாள் குறையைச் சொன்னதால் அந்த வீட்டு மானம் போகவில்லை.

இன்னொன்று. செபக் கூட்டத்தில் சத்தியம் பண்ணி ஒரே நாளில் குடியை விட்டவருக்குக் கை நடுங்கி, வலிப்பு வந்து, இல்லாத உருவமெல்லாம் கண்ணில் தெரிவதுண்டு. அதைப் பேய் என்று எண்ணி வீட்டில் வைத்திருக்க வேண்டாம். நீண்ட காலம் நிறையக் குடித்தவருக்கு இது உயிராபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவருக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலப்பதும் ஆபத்தான வேலை. பலர் யுத்தத்தில் கண்டதை மறக்கத்தான் குடிக்கத் தொடங்கினார்கள் என்பதும் உண்மை. அப்படியானவருக்கு வைத்தியமும் வேண்டும், பேச ஓர் ஆளும் வேண்டும். ஆனால் அவர் கண்டதை அவருடைய மனைவியும்தான் கண்டாள்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த சகோதரி, "அந்தப் பொம்பிளையின்ர கதை எங்க கிடக்கெண்டு சொன்னனீங்கள்?" என்றார். சொன்னேன். கூட்ட வரவுப் பதிவிலிருந்த பேனையை வாங்கி, 25 என்ற இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.