ஹெட்போன் ஆம்ப்புக்கு விலை உயர்ந்த ரெகுலேட்டர் தேவையா?

வீட்டிலேயே ஹெட்போன் ஆம்ப் செய்ய நினைப்பவர்களின் கண் முதலில் போவது எல்டி3045 மாதிரியான ரெகுலேட்டர் மீதுதான். அதன் இரைச்சல் வெறும் 0.8 மைக்ரோவோல்ட். 1976-ல் வந்த எல்எம்317-ல் அது வெளியீட்டு வோல்டேஜில் 0.003 சதவீதம், 15 வோல்ட் எடுத்தால் 450 மைக்ரோவோல்ட். எண்ணை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனாலும் முதல் ஆம்ப்புக்கு 317 போதும் என்பேன்.

அந்த 450 அப்படியே காதுக்கு வருவதில்லை. ஆப்-ஆம்ப் சிப், சப்ளையில் வரும் இரைச்சலைத் தானே தடுத்துவிடும். என்இ5532-ல் இந்தத் தடுப்பு 100 டெசிபல் அளவில் இருக்கும். அதாவது லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழையும். அதிர்வெண் ஏற ஏற தடுப்பு குறையும், உண்மைதான். அதற்குத்தான் 317-ன் அட்ஜஸ்ட் காலில் இருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுவது. 317 தன் உள்ளே இருக்கும் 1.25 வோல்ட்டை 12 மடங்காக்கித்தான் 15 வோல்ட் தருகிறது. இரைச்சலும் கூடவே 12 மடங்காகிறது. இந்தக் கெப்பாசிட்டர் இருந்தால் வோல்டேஜ் மட்டும் பெருகும், இரைச்சல் பெருகாது. கரண்ட் லைனின் ரிப்பிளைத் தடுக்கும் திறனும் சுமார் 65 டெசிபலில் இருந்து 80-க்கு ஏறும். செலவு சில ரூபாய்தான். டேட்டாஷீட் சொல்லும் பாதுகாப்பு டயோடை மட்டும் விட்டுடாதீங்க.

இவ்வளவு செய்தும் ‘ம்ம்ம்’ என்று கேட்கிறதா? பெரும்பாலும் வயரிங்தான் காரணம். ரெக்டிஃபையரில் இருந்து பெரிய கெப்பாசிட்டருக்கு நொடிக்கு 100 முறை கரண்ட் பாய்கிறது. அது போகும் கிரவுண்ட் வயரிலேயே பாட்டின் சிக்னலும் போனால், எந்த ரெகுலேட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. கெப்பாசிட்டரின் காலில் இருந்து ஆம்ப்புக்குத் தனி வயர் இழுங்கள்.

சரி, எல்டி3045 எங்கேதான் தேவை? டிஜிட்டல் இசையை அனலாக் ஆக்கும் டாக் சிப்பின் ரெஃபரன்ஸ் காலில். அங்கே தடுப்பு என்று எதுவும் இல்லை; ரெஃபரன்ஸில் ஏறும் இரைச்சல் பாட்டோடு சேர்ந்தே பெருகும். அதன் க்ளாக்குக்கும் அப்படித்தான். அங்கே காசு போடுவது நியாயம். ஆனால் பொட்டு அளவே உள்ள அந்தச் சிப்பை ஓட்டை போர்டில் வயர் கட்டிப் பொருத்தினால், டேட்டாஷீட்டில் பார்த்த 0.8 கிடைக்காது.

ஆர்டர் போடும் முன் இன்புட்டை ஷார்ட் செய்து கேட்டுப் பாருங்கள். ‘ம்ம்ம்’ என்றால் கிரவுண்ட் வயரில் தேடுங்கள். ‘உஸ்ஸ்’ மட்டும் என்றால் முதல் ஆப்-ஆம்ப்பையும் அதைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர்களையும்.